எழுத்து முடிந்த மாப்பிள்ளை

சரோஜினிதேவியின் வீட்டில் குகனேசனுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. வாசல் கதவுக்குப் பக்கத்தில், எழும்பி ஒரு அடி வைத்தால் வெளியே ஒழுங்கை, இருந்தால் வீடு என்கிற இடத்தில் அதைப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பின் மற்ற அந்தத்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்து சேர்கிறவன், அந்த நாற்காலியில் இருந்து, விருந்தாளிகளுக்கான பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி குடிப்பான். அருந்ததி எதிர்ப்பக்கத்துச் சோபாவில் இருப்பாள். நடுவில் சரோஜினிதேவி, பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் மாதிரி. அவன் நிற்கிற இரண்டு மணி நேரமும் வாசல் கதவு விரியத் திறந்திருக்கும். நுளம்பு காலைக் கடித்துப் பிடுங்கினாலும் சரி, காலி வீதிப் புகை முழுக்க உள்ளே வந்தாலும் சரி, அது சாத்தப்படாது.

இத்தனைக்கும் குகனேசன் ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை. அருந்ததியின் புருசன்.

யாழ்ப்பாணத்துக் கலியாணம் இரண்டு தவணையில் நடக்கும். முதலில் எழுத்து. பதிவுகாரர் வருவார், இருவரும் கையெழுத்து வைப்பார்கள், பலகாரம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். பிறகு நாள் பார்த்து ஐயர், கூறைச் சேலை, தாலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிழமையும் இருக்கலாம், ஒரு வருசமும் இருக்கலாம். அந்த இடைக்காலத்தில் அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று கேட்டால் சட்டம் ஒன்று சொல்லும், சனம் இன்னொன்று சொல்லும். சரோஜினிதேவி சனத்தின் கட்சி. கட்சிக்குத் தலைவி என்றே சொல்லலாம்.

அவள் அருந்ததியின் தாய் நேசமலரின் தங்கை, கலியாணம் கட்டாதவள். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் முப்பது வருசம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று மொழியிலும் அச்சடித்தது மாதிரி எழுதுவாள். யார் வீட்டுக்கு என்ன படிவம் வந்தாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கொண்டா இஞ்ச" என்று வாங்கி நிரப்பிக் கொடுப்பாள். அருந்ததி படிக்க வந்த நாளிலிருந்து அவளோடுதான் இருக்கிறாள். அந்தச் சின்னம்மாவுக்குத் தன்மேல் எவ்வளவு உயிர் என்பதில் அருந்ததிக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்த அன்பு சில நாள் மூச்சு முட்டவைக்கும் என்பதிலும் சந்தேகம் இல்லை.

எழுத்து 2006 வைகாசியில் முடிந்தது. தாய் தகப்பன் கொழும்புக்கு வந்து நடத்திவிட்டு, ஆவணியில் தாலிகட்டுக்கு வருவோம் என்று யாழ்ப்பாணம் திரும்பிப் போனார்கள். பஸ் வெளிக்கிடும்போது நேசமலர் தங்கையின் கையைப் பிடித்து, "தாலி ஏறுமட்டும் பிள்ளை உன்ர பொறுப்பு" என்றாள். ஆவணி பிறக்கும் முன்னமே சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி கேட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஆவணி போய், தை போய், மாசியும் வந்தது. பேசி வைத்த மண்டபத்தில் அதற்குள் வேறு நாலு சோடிக்குத் தாலி ஏறிவிட்டது.

"பாதை திறக்கட்டும்" என்பதுதான் எல்லாவற்றுக்கும் சின்னம்மாவின் பதில். குகனேசன் மாமி என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவள் ஒரு நாளும் மருமகன் என்று கூப்பிட்டதில்லை. "தம்பி, பிஸ்கட் எடுங்கோ" என்பாள். அவன் பாவம், எடுப்பான்.

"அம்மி மிதிச்சு அருந்ததி பாக்கிற நேரம் மற்ற மாப்பிள்ளையள் வானத்தை அண்ணாந்து பாக்கவேணும்" என்று அவன் ஒரு நாள் மெல்லச் சொன்னான். "எனக்குக் கழுத்து நோகாது. நீர் பக்கத்தில இருப்பீர்."

"பக்கத்தில எங்க? பத்தடி தள்ளி" என்றாள் அருந்ததி. சின்னம்மா செருமினாள்.

அருந்ததிக்குப் பம்பலப்பிட்டியில் மென்பொருள் கொம்பனி ஒன்றில் வேலை. அவர்கள் வெளிநாட்டுக்காரருக்காகச் செய்துகொண்டிருந்தது ஒரு வரைகருவி. ஆஸ்பத்திரிக்கோ நூலகத்துக்கோ கணினியில் ஏதாவது கட்டியெழுப்ப முதல், அங்கே என்னென்ன இருக்கிறது, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று திரையில் படம் போட்டுப் பார்ப்பதற்கானது. நோயாளர் படுக்கிற வாட்டு என்று ஒரு பெட்டி, கட்டில் என்று ஒரு பெட்டி, நடுவில் ஒரு கோடு. இந்த வாட்டுக்கு இந்தக் கட்டில் சொந்தம் என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர் கேட்டது இதுதான்: அதே உறவை ஒருவர் கோடாகப் பார்க்க ஆசைப்படுவார். இன்னொருவர் வாட்டுப் பெட்டிக்கு உள்ளேயே கட்டில் பெட்டியை வைத்துப் பார்ப்பார். இடம் இல்லாத படத்தில் வாட்டுப் பெட்டியின் அடியில் கட்டில் என்று ஒரு வரி மட்டும் எழுதினால் போதும். மூன்று படம், மூன்று தோற்றம். அடியில் உறவு ஒன்றே ஒன்று. அதைச் செய்து கொடுக்கிற வேலை அருந்ததியின் தலையில் விழுந்தது, அவளும் விரும்பித்தான் செய்தாள்.

தெஹிவளையிலிருந்து வருகிற றஸ்மியாவுக்குப் பிழை பிடிப்பதற்கே சம்பளம். ஒரு நாள் அவள் அருந்ததியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"இங்க பாருங்க. இந்தப் படத்துல கோடு வேணாமெண்டு எடுத்தேன். உறவே இல்லாமப் பெய்த்து. மத்தப் படத்துலயெல்லாம் கட்டில் வாட்டுக்கு வெளிய நிக்குது."

அருந்ததி தலையில் கை வைத்தாள். ஒரு படத்தில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் உறவே இல்லை என்று கருவி முடிவுகட்டியிருந்தது. அதைத் திருத்த இரண்டு கிழமை எடுத்தது. கடைசியில் இரண்டு கட்டளை வைத்தாள். ஒன்று, இந்தப் படத்தில் மறை. மற்றது, உறவை அழி. இரண்டாவதை அமத்தினால் கருவி, நிச்சயமாகத்தானா என்று ஒரு தரம் கேட்கும்.

"அப்ப ஒங்கட சின்னம்மாட படத்துல நீங்க ரெண்டு பேரும் எப்பிடி ஈக்கிறீங்க?" என்று றஸ்மியா சிரித்தாள். அவளுக்கு நாற்காலிக் கதை முழுக்கத் தெரியும்.

"ரெண்டு பெட்டி. கோடு இல்லை. கதவு திறந்திருக்கும்" என்றாள் அருந்ததி.

அந்த ஞாயிறு பேப்பர் ஓரத்தில் மூன்று விதமாகவும் கீறி, கோட்டின் இரண்டு பக்கமும் தன் பேரையும் குகனேசன் பேரையும் போட்டு, சின்னம்மாவுக்கு விளக்கினாள். எப்படிக் காட்டினாலும் உறவு ஒன்றுதான், காட்டாவிட்டாலும் இருக்கும் என்றாள். சின்னம்மா கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தாள்.

"படம் நல்லாயிருக்கு. தாலி எங்க?" என்றாள்.

குகனேசன் தேத்தண்ணி புரையேறி இருமினான்.

மாசி முடிவில் பொலிஸ் பதிவுப் படிவம் வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளுக்கு அது பழகிப்போன விசயம். வீட்டில் யார் யார், அடையாள அட்டை இலக்கம், வீட்டுக்காரருக்கு என்ன முறை, விவாகமானவரா, கொழும்பில் நிற்கக் காரணம் என்ன. சின்னம்மா மேசையில் பேப்பரை விரித்து, அதன்மேல் படிவத்தை வைத்து, சிங்களத்தில் முத்து முத்தாக நிரப்பினாள். அருந்ததி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தன் பேருக்கு நேரே, விவாகமாகாதவர்.

"சின்னம்மா, இது பொய்யெல்லே?"

"என்ன பொய்? தாலி ஏறாத கழுத்துக்கு நான் என்னெண்டு எழுதுறது? புருசன் இருக்கெண்டு எழுதினா, எங்க எண்டு கேப்பான். கொட்டாஞ்சேனையில எண்டா, ஏன் அங்க எண்டு கேப்பான். அவனுக்கு நான் பஞ்சாங்கத்தை விரிச்சுப் படிச்சுக் காட்டுறதே?"

சின்னம்மா இந்தப் படத்தில் மறைக்கிறாள், அவ்வளவுதானே என்று அருந்ததி நினைத்தாள். கெட்டிக்காரி விட்ட பிழை அது. அதே கிழமை கொட்டாஞ்சேனையில் குகனேசன் தன் படிவத்தை நிரப்பினான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, லண்டனில் ஒரு அக்கா மட்டும். புறக்கோட்டையில் மருந்து இறக்குமதி செய்கிற இடத்தில் வேலை. எழுதுவதற்கு அவனிடம் பெருமையான விசயம் ஒன்றுதான் இருந்தது. விவாகமானவர், மனைவி அருந்ததி, வெள்ளவத்தை என்று எழுதி, இலக்கத்தோடு விலாசமும் போட்டான்.

சித்திரை வருசம் பிறந்து இரண்டு கிழமை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அருந்ததிக்குத் தொலைபேசி வந்தது. குகனேசன் மேல்மாடி அறை எடுத்திருந்த வீட்டுக்காரி இமெல்டா.

"பிள்ளை, பயப்படாதீங்க. விடிய வீடு வீடா செக் பண்ணினாங்க. எட்டுப் பேரை ஏத்திக்கொண்டு போனாங்க. ஏழு பேர் வந்திட்டாங்க. உங்கட அவரை மட்டும் விடேல்ல. வைஃப் வெள்ளவத்தையில எண்டு எழுதியிருக்காம். அங்க கேட்டா அந்தப் பேரில கலியாணம் கட்டாத பிள்ளைதானாம் இருக்கு. பின்னேரம் மேலிடத்துக்கு அனுப்பப் போறாங்கள் எண்டு சொல்றாங்க, பிள்ளை. மாதாவே, கெதியாப் போங்க."

மேலிடம் என்றால் என்னவென்று இமெல்டா விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. அங்கே போய் ஒரு கிழமையில் வந்தவர்களும் உண்டு, ஒரு வருசமாகியும் வராதவர்களும் உண்டு. விவாகச் சீட்டு சின்னம்மாவின் அலுமாரியில், கூறைச் சேலைக்கு அடியில் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, ஆள் இல்லை. புதன்கிழமை, சந்தைக்குப் போயிருப்பாள். றஸ்மியாவிடம், வீட்டுக்கு விடாமல் தொலைபேசி எடுத்து, சின்னம்மாவைச் சீட்டோடு வரச் சொல்லும்படி சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினாள்.

கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்தில் சுவரோரத்தில் கிடந்த நீள மர வாங்கில் குகனேசன் இருந்தான். வேலைக்கு வெளிக்கிட்ட கையோடு பிடித்திருக்கிறார்கள். சேட்டுப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. அவளைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், கண்ணில் நித்திரை இல்லை. ஒரு படிவத்தையும், வெள்ளவத்தைப் பொலிசிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிய ஒரு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இங்கே மனைவி, அங்கே விவாகமாகாதவர், எது பொய் என்று சிங்களத்தில் கேட்டார். அவளுடைய வேலை அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். அதிலும் செல்வி என்றுதான் இருந்தது, அது பழைய அட்டை.

"இரண்டும் பொய் இல்லை, மஹத்தயா" என்றாள்.

அவளுடைய சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமானது. எழுத்தையும் தாலியையும் விளக்க அது காணாது. தடுமாறிப்போய் மேசையில் கிடந்த ஒரு வெறும் தாளை எடுத்தாள். இரண்டு பெட்டி கீறி நடுவில் கோடு இழுத்தாள். பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. அதற்குப் பக்கத்தில் கோடே இல்லாமல் இரண்டு பெட்டி. மூன்றும் ஒன்றுதான், மூன்றாவது படத்தில் மறைத்திருக்கிறது, அழிக்கவில்லை என்று தெரிந்த சொல்லையெல்லாம் போட்டுச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் கருவி செய்த பிழையைத்தான் இந்த மனிதரும் செய்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. கருவியைத் திருத்த அவளுக்கு இரண்டு கிழமை கிடைத்தது. இங்கே பின்னேரம் வரைதான்.

இன்ஸ்பெக்டர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"என்னுடைய மனைவி குருநாகலில். நான் இங்கே ஸ்டேஷனில் படுக்கிறேன். என்னை எப்படிக் கீறுவாய்?"

அவள் தாளின் ஒரு ஓரத்தில் ஒரு பெட்டியும் மற்ற ஓரத்தில் ஒரு பெட்டியும் போட்டு, நடுவில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "நீளம் கூட. கோடு ஒன்றுதான்" என்றாள்.

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, மூன்று மணி வரை பார்க்கிறேன், சீட்டைக் கொண்டு வா என்றார்.

சின்னம்மா ஒன்றரைக்கு வந்தாள். வேலைக்குப் போன காலத்து வெளிர்நீல வொயில் சேலை, கைப்பை, கக்கத்தில் ஒரு ஃபைல். சந்தையால் வந்து தொலைபேசி கேட்டு, மரக்கறிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நேரே மேசைக்குப் போய் விவாகச் சீட்டை வைத்தாள். இன்ஸ்பெக்டர் திகதியைப் பார்த்தார்.

"பதினொரு மாதம். புருசன் ஓரிடம், பெண்சாதி ஓரிடம். கொழும்பில் நிற்கக் காரணம் காட்டுவதற்காகச் செய்த கடதாசிக் கலியாணமா இது?"

"இல்லை, மஹத்தயா. விவாகமாகாதவர் என்று எழுதியது நான். அது என்னுடைய கையெழுத்து. அது பொய் என்று பிள்ளை அப்போதே சொன்னவள்" என்றாள் சின்னம்மா, முப்பது வருசத் திணைக்களச் சிங்களத்தில். "எங்களிடம் தாய் தகப்பன் முன்னால் தாலி ஏறினால்தான் கலியாணம். என் அக்கா யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. பாதை பூட்டியிருக்கிறது. பாதையை நான் பூட்டவில்லை."

கடைசி வசனத்தை அவள் கொஞ்சம் கூர்மையாகத்தான் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு உங்கள் வழக்கம் வேண்டாம், நோனா. ஒரு கேள்வி. இந்த ஆள் உங்களுக்கு மருமகனா, இல்லையா?"

சின்னம்மா திரும்பி வாங்கைப் பார்த்தாள். பொத்தான் மாறிய சேட்டோடு அவன் எழும்பி நின்றான். எழும்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை, மாமியைக் கண்டால் எழும்பிப் பழகிய கால். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். இவ்வளவு காலமும் அந்த ஒரு சொல்லுக்காக அருந்ததி எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறாள்.

"மருமகன்தான்" என்றாள் சின்னம்மா சிங்களத்தில். பிறகு, யாருக்கென்று இல்லாமல் தமிழிலும் சொன்னாள். "என்ர மருமகன்."

"அப்படியென்றால் அவர் எந்த வீட்டில் இருக்க வேண்டும்?"

அவள் ஃபைலைத் திறந்து, பதிவுப் படிவத்தின் வீட்டுப் பிரதியை எடுத்தாள். விவாகமாகாதவர் என்றதை அடிமட்டம் வைத்து ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, மேலே விவாகமானவர் என்று எழுதினாள். அதற்குக் கீழே வெறுமையாய் இருந்த வரிசையில் புதிதாக ஒரு பேர் எழுதினாள். நவரத்தினம் குகனேசன். வீட்டுக்காரருக்கு முறை, மருமகன். வதிவிடம், மேற்படி. எழுத்து அச்சு மாதிரியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் அதை வாசித்து, இன்றைக்கே வெள்ளவத்தையில் கொடுத்துப் பதியச் சொல்லி முத்திரை குத்தி, குகனேசனைப் போக விட்டார். அருந்ததி தான் கீறிய தாளைக் கேட்கவில்லை, அவரும் திருப்பித் தரவில்லை.

அன்று பொழுதுபடக் குகனேசன் ஒரு பெட்டியும் ஒரு மேசை விசிறியுமாக வெள்ளவத்தைக்கு வந்தான். வந்த கால் நேரே வாசலடி நாற்காலிக்குப் போய், பழக்கத்தில் அதிலேயே இருந்துவிட்டது. வீட்டுக்குள் சின்னம்மா தொலைபேசியில் யாழ்ப்பாணத்தோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். கடைசியில் குரல் அடங்கிப்போனது.

"அக்கா, நான் உனக்குத் தந்த வாக்கை மீறிப்போட்டன். ஆள் இப்ப எங்கட வீட்டிலதான். இனி இஞ்சதான்."

அருந்ததி பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தாயின் குரல் வந்தது.

"அவர் சாப்பிட்டவரோ?"

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அருந்ததி தொலைபேசியை வாங்கி, இனித்தான் அம்மா, இனித்தான் என்றாள்.

முகம் கழுவப் போனபோது, தானும் சின்னம்மாவும் படுக்கிற அறையைக் கவனித்தாள். சின்னம்மாவின் தலையணையும் போர்வையும் கட்டிலில் இல்லை. இரண்டும் ஹோலில் சோபாவுக்குப் பக்கத்தில் மடித்து இருந்தன. கேட்டால், ஹோலுக்குத்தான் காற்று வரும் என்று சொல்லுவாள் என்று தெரியும், ஆகையால் அருந்ததி கேட்கவில்லை. அந்த ஹோலுக்குக் காற்று வந்ததாக வரலாறு இல்லை.

மேசையில் மூன்று தட்டு. பூப்போட்ட கோப்பையைக் காணவில்லை, வீட்டுக் கோப்பைதான் இருந்தது.

"அங்க ஏன் இருக்கிறியள்? ஆரோ வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி" என்றாள் சின்னம்மா. "கதவைச் சாத்திப்போட்டுச் சாப்பிட வாங்கோ மருமோன். நுளம்பு வருது."

குகனேசன் எழும்பினான். அந்தக் கதவு அவன் கண்முன்னால் ஒரு நாளும் சாத்தப்பட்டதில்லை. தாழ்ப்பாள் எங்கே என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அங்கும் இங்கும் தடவி, மேலே இருந்த ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டான்.

"கீழயும் ஒண்டு இருக்கு" என்றாள் சின்னம்மா, சோறு போட்டபடி.